வீட்டுக் குழுவில் 'யூ'வா 'யுவரா' பஞ்சாயத்து

நிலா: யாராவது இருக்கிறீர்களா? மேலாளருக்கு ஒரு மெயில். 'ஐ அப்ரிஷியேட் யூ ஹெல்பிங் மீ' என்று எழுதினேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் 'யுவர் ஹெல்பிங்' என்று திருத்துகிறார்.

கதிர்: யூதான். எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பெரியப்பா: பேச்சு வேறு கதிர். மெயில் என்றால் யுவர். ஹெல்பிங் அங்கே பெயர்ச்சொல்லாக நிற்கிறது, ஜெரண்ட்.

நிலா: ஆனால் பெரியப்பா, தமிழில் 'நீங்கள் உதவியதற்கு நன்றி' என்கிறோம். 'உங்கள் உதவியதற்கு' என்று யாரும் சொல்வதில்லையே?

பெரியப்பா: அங்கேதான் நாம் சறுக்குகிறோம். 'நீங்கள் வந்ததற்கு நன்றி', 'உங்கள் வருகைக்கு நன்றி'. வந்தது என்றால் நீங்கள், வருகை என்றால் உங்கள். நமக்கு இரண்டு சொல். ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் 'கமிங்' ஒன்றே பார்க்கிறது. அதை 'வருகை' என்று நினைத்துக்கொள், யுவர் தானாக வரும்.

கதிர்: அப்படியென்றால் யூ தப்பா?

பெரியப்பா: தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1906இல் ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ஃபவுலர் சகோதரர்கள், இப்படி யூ போடுவதற்கு 'ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்' (ஒட்டிப்போன எச்சம்) என்று பெயர் வைத்துச் சாடினார்கள். டென்மார்க்கின் மொழியியலாளர் யெஸ்பர்சன் நல்ல எழுத்தாளர்களே இப்படி எழுதியிருப்பதைக் காட்டி மறுத்தார். சண்டை பழசு.

அத்தை: அண்ணா, நேற்று ஒரு பையன் 'ஐ சா ஹிஸ் கிராஸிங் த ரோட்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்தேன். சரிதானே?

பெரியப்பா: சரிதான். கண்ணில் பட்டது ஆள். அவன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். அதனால் ஹிம். சீ, ஹியர் போன்ற வினைகளுக்குப் பின்னால் யுவர், ஹிஸ் வேலைக்காகாது.

கதிர்: 'டு' வந்தால்?

அத்தை: அதில் குழப்பமே இல்லை. மீ, ஹிம், ஹெர், தெம் மட்டும். 'ஐ வான்ட் ஹிம் டு கோ.' என் மாணவர்கள் 'ஐ வான்ட் தட் ஹி ஷுட் கோ' என்பார்கள். 'அவன் போக வேண்டும் என்று' தலைக்குள் ஓடுகிறது, வேறென்ன! 'ஃபார்' வந்தாலும் அதே கதைதான், 'இட்ஸ் டைம் ஃபார் அஸ் டு லீவ்'. லெட், மேக் என்றால் மீ இருக்கும், டு ஓடிவிடும். 'லெட் மீ கோ.'

நிலா: சரி, யுவர் போட்டு அனுப்பிவிட்டேன்.

நிலா: பதிலும் வந்துவிட்டது. 'எனிடைம், ஐ டோன்ட் மைண்ட் யூ ஆஸ்கிங்.'

கதிர்: அத்தை, அந்தச் சிவப்புப் பேனா எங்கே?