குண்டூர் மலைப்பாதையில் உள்ளூர் வழிகாட்டியோடு நடப்பது எப்படி?

அஸ்தம்பட்டி நடையன்:
அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் ஐவர் சேர்ந்து, சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள குண்டூர் வரை நடந்து, அங்கிருந்து ஏற்காடு செல்ல எண்ணியிருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர், "அனுமதியெல்லாம் தேவையில்லை, ஊர்க்காரர் ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் காட்டுக்குள் எங்கும் அழைத்துப் போவார்" என்கிறார். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களையும் சோலைகளையும் பார்க்க ஆவலாக உள்ளது. ஆனால் அவர்களுக்கு இடையூறாகிவிடக் கூடாது. எப்படிச் செல்வது முறை?

அடிவாரத்தான்:
தம்பி, அனுமதியின்றி வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். ஊர்க்காரர் உடன் வந்தாலும் குற்றமே. பிடிபட்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவிடுவீர்கள், அவரோ அந்த மலையிலேயே வாழ வேண்டியவர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக வருவார்கள். மாசி, பங்குனியில் போக நினைக்காதீர்கள். அடிவாரச் சரிவில் புல் காய்ந்து கிடக்கும். தீப்பிடித்தால் அது மேட்டை நோக்கித்தான் விரைந்து ஓடும், மேலே ஏறித் தப்ப முடியாது. மார்கழி, தை நல்ல காலம்.

சேர்வராயன் மலைக்காரன்:
ஐயா, நான் மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவன். பெயரைக் கேட்டுக் கேரளமா என்று வினவுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாங்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரில் பெரியண்ணன் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

சோலை பார்க்க வருகிறோம் என்று வருபவர்களில் பலர், சில்வர் ஓக் நிழலில் இருக்கும் காப்பித் தோட்டத்தைக் காடென்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1820களில் இங்கே காப்பி வந்த பிறகு, பழைய சோலை துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அவற்றுள் சில கோயில் காடுகளாக இருப்பதால்தான் பிழைத்தன. அங்கே நாங்கள் மரம் வெட்டுவதில்லை, செருப்போடு நுழைவதுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் காலணியோடு அத்தகைய காட்டுக்குள் புகுந்து, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குப்பையையும் போட்டுச் சென்றார்கள். அதை அள்ளியவர்களில் நானும் ஒருவன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டி "இதற்கு மேல் வேண்டாம்" என்றால் கூடுதல் பணம் தருகிறோம் என்று வற்புறுத்தாதீர்கள். அங்கே சாமி இருக்கலாம், தேன்கூடு இருக்கலாம், காட்டுமாடு கன்றோடு படுத்திருக்கலாம். எல்லாவற்றையும் அந்நேரத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அஸ்தம்பட்டி நடையன்:
மிக்க நன்றி, அண்ணா. திட்டத்தின் வழியாகவே பதிவு செய்கிறோம். ஊருக்குள் படம் எடுப்பது பற்றியும், மதிய உணவு பற்றியும் சொல்ல இயலுமா?

சேர்வராயன் மலைக்காரன்:
பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கோயில் காட்டைப் பொறுத்தவரை வழிகாட்டியிடம் கேளுங்கள். ஊரில் சாப்பிட விரும்பினால், யாராவது வீட்டில் சமைத்துத் தர முடியுமா என்று வழிகாட்டி வழியாக முதல் நாளே கேட்டுவிடுங்கள். திடீரென்று ஐந்து பேர் வந்து நின்றால், இருப்பதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த வீட்டார் பசியோடு இருப்பார்கள். சாப்பாட்டுப் பணத்தை வழிகாட்டியிடம் கொடுக்காமல், சமைத்த அம்மாவின் கையிலேயே கொடுங்கள்.