பொருள்: ‘மோஷன் கண்ட்ரோலர்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வடிவமைப்புப் பயிற்சி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 2006இல் கொண்டுவந்த வீ விளையாட்டுப் பெட்டி பத்துக் கோடிக்கு மேல் விற்றது. 2012இல் அதை அடுத்து வந்த வீ யூ ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. “வீ பெட்டிக்கு இதைவிட நல்ல வாரிசை நீங்கள் வடிவமையுங்கள்” என்பதே பயிற்சி. கையை வீசினால் திரையில் மட்டை சுழல்கிறதே, அந்தக் கருவிக்கு ‘அசைவுக் கட்டுப்படுத்தி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, “ஆடாம அசையாம உக்கார வைக்கிற மெஷினா மிஸ்?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அந்தப் பிள்ளைக்கு நல்ல காது. அசைவால் கட்டுப்படுத்துவது என்று மூன்றாம் வேற்றுமையில் நீங்கள் நினைத்தீர்கள். உருபு மறைந்ததும் அசைவைக் கட்டுப்படுத்துவது என்று இரண்டாம் வேற்றுமையாகக் கேட்கிறது. ‘அசைவறிகோல்’ என்று வையுங்கள். அறிகோல் வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகாது. ‘அறிக்கோல்’ என்று அச்சாகிவிடக் கூடாது. ஆட்டத்துக்கும் கோலுக்கும் நம்மிடம் பழைய உறவு உண்டு. சிலம்பில் மாதவியின் அரங்கேற்றத்தில் தலைக்கோல் வருகிறதே.

வீ என்பதும் நன்னூல் கணக்கில் ஓரெழுத்து ஒருமொழிதான். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்ற வரிசையில் உதிரும் பருவத்துப் பூ அது. அடுத்தது செம்மல். வாரிசுக்கு அந்தப் பெயரை யோசிக்கலாம்.

சென்னை, மென்பொருளாளர்:

ஐயா, பூவை விட்டுக் கருவிக்கு வருவோம். 2006இல் வந்த கருவிக்குள் இருந்தது, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி. மணிக்கட்டு திரும்புவதைச் சரியாக அறிய, 2009இல் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் உள்ள தனித் துண்டு ஒன்றை அதன் அடியில் செருக வேண்டியிருந்தது. முதல் கருவிக்கு ‘அறி’ என்பதே சற்று மிகை.

அம்மா கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையை ஆங்கிலத்தில் சென்சார் பார் என்கிறார்கள். அது எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள். அவற்றைப் பார்ப்பது கையிலுள்ள கருவியின் முனைக் கேமரா. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும். ‘உணரிப் பட்டை’ என்று எழுதினால் அவர்கள் பிழையை நாமும் சுமப்போம். ‘விளக்குப் பட்டை’ போதும்.

கருவிக்கு என் சொல் ரிமோட். டிவி ரிமோட்டை வீட்டில் யாரும் தயங்காமல் எடுக்கிறார்கள், இதற்கும் அந்தப் பெயரே இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாடா. பாட்டியும் கையில் எடுக்கட்டும் என்று வைத்த பெயரை நாம் ஏன் புலவர் வீட்டுச் சொல்லாக்க வேண்டும்?

தஞ்சை:

தம்பி, பாட்டிக்கு ரிமோட் பழகியதால் புரிகிறது. சுட்டி, விசைப்பலகை எல்லாம் பழகவில்லையா? ரிமோட் தொலைவைச் சொல்கிறது. இங்கே சிறப்பு அசைவில் இருக்கிறது. ‘வாரிசு’ அரபியிலிருந்து வந்தது. ‘வழித்தோன்றல்’ இருக்க அது எதற்கு?

யாழ்ப்பாணம், வடிவமைப்பாளர்:

வாரிசோ வழித்தோன்றலோ, துணைக்கருவியோடு குழம்பாதிருந்தால் சரி. வீ யூ சறுக்கியதில் அந்தக் குழப்பத்துக்குப் பெரிய பங்குண்டு. 6.2 அங்குலத் தொடுதிரை கொண்ட அதன் கைப்பலகையைப் பார்த்த பலர், பழைய வீ பெட்டிக்கு வந்த புதிய உறுப்பு என்றே நினைத்தார்கள்.

எனக்குக் கோல்தான் உறுத்துகிறது. வீ பெட்டிக்கென்று பின்னால் தனியாக வந்த எடைப்பலகை காலுக்குக் கீழே கிடந்தது; நான்கு எடை உணரிகளால் உடல் சாய்வதை அறிந்தது. உடலசைவைக் கேமராவால் பார்க்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010இல் வந்தது; அதற்குக் கையில் எதுவுமே வேண்டாம். பயிற்சித் தாளில் கோல் என்று அச்சிட்டால் நாற்பது பிள்ளைகளும் கோலைத்தான் வரைவார்கள். நல்ல வழித்தோன்றலுக்குக் கோலே தேவைப்படாமல் இருக்கலாம். ‘அசைவுணர் கருவி’ என்று திறந்து விடுங்கள், அம்மா.

தஞ்சை:

கருவி என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆகவே எதையும் காட்டாது.

கோவை:

மூன்று பேருக்கும் நன்றி. நாளை காலை அனுப்பியாக வேண்டும். வீ பெட்டியின் கருவி வரும் இடங்களில் அசைவறிகோல். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ரிமோட். பயிற்சிக் கேள்வியில் அசைவுணர் கருவி. விளக்குப் பட்டையை அப்படியே எடுத்துக்கொண்டேன். ‘வாரிசு’ என்றால்தான் என் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை:

என் வாக்கு ரிமோட்டுக்கே. பயிற்சி நடக்கும்போது பிள்ளைகள் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள், அம்மா.

தஞ்சை:

வாரிசில் எனக்கு உடன்பாடில்லை. மெய்ப்பு வந்ததும் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள். ககரம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.