57 மில்லிமீட்டர் பிளாக் போட்ட எல்சி135 மோட்டார் திராட்டிலின் கால் பங்கு திறப்பில் விக்குகிறது: எங்கிருந்து பார்ப்பது?

செம்பனைச் சாலை:

வணக்கம். சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஈப்போவில் வேலை, கார்புரேட்டர் வைத்த யமஹா எல்சி135 மோட்டாரில்தான் தினமும் போய் வருகிறேன். சென்ற மாதம் 57 மில்லிமீட்டர் பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), 28 மில்லிமீட்டர் பிஇ வகைக் கார்புரேட்டர், திறந்த ஃபில்டர், தடுப்பில்லாத எக்சோஸ்ட் ஆகிய நான்கையும் ஒரு பட்டறையில் ஒரே நாளில் மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து ஐட்லிங் (திராட்டிலைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகம்) ஒரு நிலையில் நிற்பதில்லை. தானாக ஏறி, பிறகு அணையும் அளவுக்கு இறங்குகிறது. திராட்டிலைக் கால் பங்கு முறுக்கினால் விக்குகிறது, முழுவதும் முறுக்கினால் நன்றாக இழுக்கிறது, கையை விட்டால் எக்சோஸ்ட்டில் படபடவென வெடிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு முறை பெரிதாக்கியும் பயனில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருக்கிறது. நள்ளிரவில் வீடு திரும்பும்போது, விளக்கில்லாத தோட்டப் பாதையில் இரண்டு முறை அணைந்து நின்றுவிட்டது. அம்மா நான் வரும்வரை தூங்குவதில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

பழைய பட்டறை:

தம்பி, நான்கு பொருள்களை ஒரே நாளில் மாற்றியதால்தான் குறை எதில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. இனி ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜெட் முக்கால் திறப்புக்கு மேல்தான் முழுமையாக வேலை செய்யும். ஐட்லிங்கும் அதையொட்டிய சிறு திறப்பும் சிறிய துளையான பைலட் ஜெட்டையும் அதன் காற்றைத் திருத்தும் ஏர் ஸ்குரூவையும் சார்ந்தவை. கால் முதல் முக்கால் வரை, திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசியின் பொறுப்பு. முழுத் திறப்பில் நன்றாக இழுப்பதாக நீங்களே சொல்வதால், மெயின் ஜெட்டை முதலில் இருந்த அளவுக்கே திருப்பிவிடுங்கள். வெளுத்த பிளக், அலையும் ஐட்லிங், கையை விட்டால் வெடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், எண்ணெய்க்கு (பெட்ரோலுக்கு) மிஞ்சிய அளவில் காற்று போகிறது என்று பொருள். கலவையில் எண்ணெயைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்தவுடன் விக்கல் குறைந்தால் அது உறுதியாகிவிடும்.

ஆனாலும் ஜெட்டைத் தொடுவதற்கு முன், கார்புரேட்டரைத் தாண்டி வேறு வழியில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் இஞ்சின் உள்ளே இழுக்கும் விசை மிக அதிகம், அதற்குத் தேவைப்படும் காற்றோ மிகக் குறைவு. ஆகவே கார்புரேட்டரை இஞ்சினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டில் நூலளவு இடைவெளி இருந்தாலும் கலவை கெட்டுவிடும். முழுத் திறப்பில் போகும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. இஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, மேனிஃபோல்டின் இரு முனைகளிலும் சோப்பு நீரைத் தெளியுங்கள். எந்த இடத்தில் நீர் உள்ளிழுக்கப்பட்டு ஓசை மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்சோஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது அது தீப்பிடிக்கும் என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. எக்சோஸ்ட் இஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதா என்றும் பாருங்கள். அங்கே கசிந்தாலும் கையை விடும்போது வெடிக்கும்.

கிந்தா ஓட்டுநர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்சி135 இஞ்சினின் அசல் போர் (சிலிண்டரின் விட்டம்) 54 மில்லிமீட்டர், ஸ்டிரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 58.7 மில்லிமீட்டர், கொள்ளளவு 134.4 சிசி, அழுத்த விகிதம் (கலவை அமுக்கப்படும் மடங்கு) 10.9. பிளாக்கை 57 ஆக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 150 சிசி ஆகிறது. சிலிண்டரின் மூடியான ஹெட்டின் அறையும் பிஸ்டன் தலையின் வடிவமும் மாறாமல் இருந்தால் அழுத்த விகிதம் 12-ஐ நெருங்கும். மேடான தலை கொண்ட பிஸ்டன் என்றால் இன்னும் கூடும். ஏற்றத்தில் இழுக்கும்போது உள்ளே கல் உருள்வது போன்ற தட்டல் ஓசை கேட்டால், ரோன்95 பெட்ரோலை விட்டு, தட்டலை இன்னும் தாங்கும் ரோன்97 ஊற்றுங்கள். காற்று மிகுந்த கலவையும் அந்தத் தட்டலும் சேர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஆகவே குறை தீரும்வரை முழுத் திறப்பில் ஓட்ட வேண்டாம். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் குளிர் பிளக்குக்கு மாறினால் வெளுப்பு மறையலாம், ஆனால் குறை அப்படியே உள்ளே இருக்கும்.

திறந்த ஃபில்டரைப் பற்றியும் என் கவலையைச் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் கிளப்பும் செம்மண் தூசு நல்ல ஃபில்டரையே அடைத்துவிடும். மலிவான ஃபில்டர் என்றால் அந்தத் தூசு பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். தோட்டப் பாதையில் ஓடும் மோட்டாருக்குப் பழைய ஃபில்டர் பெட்டியே பாதுகாப்பு. கொள்ளளவு மாறியதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

செம்பனைச் சாலை:

இருவருக்கும் நன்றி. ஹெட்டோடு சேரும் பக்கத்தில் சோப்பு நீர் பட்டவுடன் ஐட்லிங் இறங்கியது. கழற்றிக் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தபோது மேனிஃபோல்டின் முகம் வளைந்திருந்தது, கேஸ்கெட்டும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. முகத்தைத் தேய்த்துச் சமமாக்கிப் புதிய கேஸ்கெட் வைத்தேன். வெடிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஏர் ஸ்குரூவை ஏறக்குறைய முழுவதும் மூடினால்தான் ஐட்லிங் நிலைக்கிறது. கால் திறப்பில் விக்கலும் சிறிது மிச்சமிருக்கிறது. பழைய ஃபில்டர் பெட்டியை 28-க்குப் பொருத்த வழி தேடுகிறேன்.

பழைய பட்டறை:

பிஇ வகையில் அந்த ஸ்குரூ காற்றைத்தான் அளக்கிறது. மூட மூட எண்ணெய் மிகும். ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் நிலைக்கிறது என்றால் பைலட் ஜெட் சிறியது. ஓர் அளவு பெரியதைப் போட்டு, ஒன்றரைச் சுற்றிலிருந்து மறுபடியும் தேடுங்கள். அதன் பிறகும் விக்கல் இருந்தால் மட்டும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். ஊசி உயர்ந்து எண்ணெய் கூடும். ஃபில்டர் பெட்டியை மாட்டினால் காற்று குறையும் என்பதால், ஊசியைத் தொடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். புதிய பிளக் போட்டு, பகலில் ஆளில்லாத பாதையில் அரைத் திறப்பில் சிறிது தூரம் ஓட்டி, அதே திறப்பில் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். நிறம் இளம்பழுப்பாக இருக்கும்வரை இரவுப் பயணத்துக்கு வேறு மோட்டாரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி.