தேற்றியா, உறைவியா?

> கலங்கல் நீரைத் தெளியவைக்கப் போடும் பொருளான கோயாகுலன்ட்டுக்குத் (coagulant) தமிழில் ‘உறைவி’ போதும் தம்பி. இரத்தம் உறைவதற்கும் அதே சொல்தானே?

ஐயா, வணக்கம்.

உறை ஊற்றினால் பால் முழுக்கத் தயிராகிறது. இரத்தமும் அப்படித்தான். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் தண்ணீரா உறைகிறது? அழுக்குதான் ஒன்றுகூடி அடியில் படிகிறது. வகுப்பில் ‘நீர் உறைவி’ என்று சொல்லிப் பார்த்தேன். “ஐஸ் ஆக்குற மருந்தா சார்?” என்றான் ஒரு பையன்.

பேரணாம்பட்டில் என் பாட்டி பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டுத்தான் ஏரித்தண்ணீரை ஊற்றுவார். விடிந்தால் தெளிந்திருக்கும். கலித்தொகையில் ‘இல்லத்துக் காழ்’ கொண்டு கலங்கிய நீரைத் தேற்றுவது உவமையாகவே வருகிறது. இல்லம் என்பது இந்தத் தேற்றா மரம்தான்; காழ் அதன் விதை. தெளிந்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்று பெயர். வினைச்சொல் கையிலேயே இருக்கிறது. எனவே ‘தேற்றி’; முருங்கை விதை, தேத்தாங்கொட்டை போன்றவற்றுக்குத் ‘தாவரத் தேற்றி’.

> தெளியவைப்பதெல்லாம் தேற்றி என்றால் வடிகட்டும் மணலும் தேற்றியா? துகள்கள் ஒட்டிச் சேரும் பிளாக்குலேஷனுக்கு (flocculation) என்ன செய்வீர்கள்?

மணலுக்கு ‘வடி’ இருக்கிறது ஐயா. மணலில் வடிப்பதை யாரும் தேற்றுவது என்பதில்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதத்துக்கு நேர்மின்னூட்டம். விதைத்தூளைப் போட்டு வேகமாகக் கலக்கினால் அந்தத் தள்ளல் தணிகிறது. இது ‘தேற்றல்’. பிறகு மெல்லக் கலக்கக் கலக்கத் துகள்கள் மோதி, ஒட்டி, பஞ்சுப்பிசிறு போல் ஆகின்றன. இது ‘திரளல்’, அந்தப் பிசிறு ‘திரளை’. மத்தை எப்போது வேகமாகச் சுழற்றுவது, எப்போது மெதுவாக என்று மோர் கடைபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! (விதைத்தூள் போட்ட தண்ணீரை நாள்கணக்கில் வைக்கக்கூடாது. விதையிலிருந்து கரைந்த கரிமப்பொருளால் கெட்டுப்போகும்.)

பாலாற்றுக் கட்டுரைக்குத்தான் இந்தச் சொல்லைக் கேட்டீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவுநீரில் கரைந்த உப்பு ஏராளம். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் வழக்கே இந்தக் கழிவுநீரைப் பற்றியதுதான். கலங்கலையும் மிதக்கும் துகளையும் தேற்றி இறக்கிவிடும். கரைந்த உப்பைத் தொடாது. தேறிய நீர் என்று வாயில் வைத்தால் கரிக்கும். ‘தேற்றி’ என்ற சொல்லில் நானே காணும் குறையும் இதுதான்: குடிக்கத் தேறிவிட்டது என்று நினைக்கவைக்கும்.

> தம்பி, அந்தக் குறை படிகாரத்துக்கும் உண்டு. சொல்லின் மேல் பழி வேண்டாம். தேற்றி, தேற்றல், திரளல், திரளை நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘கோயாகுலன்ட் எனப்படும் தேற்றி’ என்று எழுதிவிடுகிறேன். ஆனால் திரளை படியும் அந்தக் கிளாரிஃபையர் தொட்டி? அதைத் ‘தெளிதொட்டி’ என்றால் ஒத்துக்கொள்வீர்களா, அல்லது அதற்கும் பாட்டியைக் கேட்க வேண்டுமா?

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. பாட்டி அதைப் பானை என்றுதான் சொல்வார்.