ஜிடிஏ 6: அம்மாவின் போனில் போலி 'பீட்டா', கடையில் முன்பணம், கூடவே கணினியா பிளேஸ்டேஷனா என்ற குழப்பம். உதவுங்கள்

தண்டையார்பேட்டை தினா:

வணக்கம். ஜிடிஏ 6 வீடியோ கேமின் வெளியீட்டை 2025 நவம்பர் 6-ஆம் தேதி மறுபடியும் தள்ளிவைத்து, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள் அல்லவா? அன்று முதல் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பி, "போனில் ஓடும் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்துவிட்டது" என்று யாரோ ஒரு குழுவில் போட்ட ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) அம்மாவின் போனில் ஏற்றிவிட்டான். திறந்தால் அந்த விளையாட்டின் நாயகி லூசியா படம் வருகிறது, கீழே ஒரு பட்டை 99 சதவீதம் வரை ஓடி நிற்கிறது, பிறகு ஏதேதோ அனுமதி கேட்கிறது. கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறான். இப்போது அந்தச் செயலியின் படமே திரையில் இல்லை. ஆனால் எதைத் தொட்டாலும் மேலே விளம்பரம் வந்து உட்காருகிறது. சும்மா வைத்திருந்தாலும் போன் கொதிக்கிறது. அமைப்புகளில் தேடிக் கண்டுபிடித்தேன், நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. அம்மா இட்லிக் கடை நடத்துகிறார்; யுபிஐ பணமெல்லாம் இந்தப் போனில்தான் வருகிறது. இதுவரை கணக்கில் பணம் குறையவில்லை.

இரண்டாவது: எங்கள் பக்கத்து கேமிங் சென்டரில், தேதி 2026 மே 26 என்று இருந்த சமயத்தில் 'முன்பதிவு' என்று ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். நானும் கொடுத்தேன். தேதி மாறியதால் விலை ஏறிவிட்டதாம், இன்னும் ஆயிரம் கேட்கிறார் உரிமையாளர். கையால் எழுதிய ரசீது இருக்கிறது.

மூன்றாவது சந்தேகம்தான். தையில் சீட்டுப் பணம் கைக்கு வரும். 8 ஜிபி ரேமும் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் உள்ள பழைய கணினி வைத்திருக்கிறேன். நல்ல கார்டாக வாங்கிப் போடலாமா, டிவியில் இணைத்து ஆடும் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வாங்கிவிடலாமா?

மூலக்கொத்தளம் மொபைல் சர்வீஸ்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு சிம்மை வெளியே எடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐயைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். கடை வியாபாரம் கெடாமல் இருக்க, இரண்டு நாளைக்கு உங்கள் கியூஆர் அட்டையை அம்மாவின் கடையில் மாட்டி வையுங்கள்.

அடுத்து, போனைப் பாதுகாப்புப் பயன்முறையில் திறக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'அணை' என்பதைச் சில விநாடிகள் விடாமல் தொட்டால் கேட்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து ஏற்றிய செயலிகள் இயங்காது, விளம்பரமும் வராது. அமைப்புகளில் 'சாதன நிர்வாகி' என்று தேடிப் பாருங்கள். இந்தத் திருட்டுச் செயலி தன்னை அங்கே நிர்வாகியாகப் பதிந்துகொண்டிருக்கும். நீக்கும் பொத்தான் மங்கிக் கிடப்பது அதனால்தான். அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்படியே 'அணுகல்தன்மை' பகுதிக்கும் போய்த் தெரியாத பெயர் எது இருந்தாலும் நிறுத்துங்கள். நீங்கள் தொடுவதையும் தட்டச்சு செய்வதையும் பார்க்கும் வழி அது. இதன் பிறகு செயலியை நீக்கிப் பாருங்கள், போய்விடும். செயலிகளின் முழுப் பட்டியலையும் ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்க்கவும். பெயரே இல்லாமல் வெற்றிடமாக ஒன்று நிற்கும். என் மேசைக்கு வந்த போன்களில் பாதி அப்படித்தான் ஒளிந்திருந்தது.

சிம்மைத் திரும்பப் போட்டதும் ##002# அழுத்துங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் அது ரத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் பாருங்கள். யுபிஐ பின்னை மாற்றுவது எல்லாம் முடிந்த பிறகுதான். திருட்டுச் செயலி இருக்கும் போனில் புதுப் பின் போட்டால் அதுவும் அந்தத் திருடனுக்கே போகும். கொஞ்சமாவது சந்தேகம் மிச்சமிருந்தால் புகைப்படங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்குங்கள். பணம் போனதாகக் குறுஞ்செய்தி வந்தால் அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் பணம் கைமாறிவிடும்.

அந்தக் கோப்பு எத்தனை எம்பி என்று தம்பியைக் கேளுங்கள். ஜிடிஏ தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டான ரெட் டெட் ரிடெம்ஷன் 2 கணினியில் 150 ஜிபி இடம் கேட்டது. இந்தப் போலியைச் செய்தவன் ஜிடிஏ 6 நடக்கும் லியோனிடா மாநிலம் முழுவதையும் இட்லிக்கடை போனுக்குள் அடக்கிவிட்டான் போலிருக்கிறது.

கல்மண்டபம் கபாலி:

கார்டு கேள்விக்கு வருகிறேன். வாங்காதீர்கள். அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய கன்சோல்களுக்கு மட்டும். கணினி என்ற சொல்லே அந்த அறிவிப்பில் கிடையாது.

கணினிக்காரர்களைக் காக்க வைப்பது இவர்களுக்குப் பழைய வழக்கம். ஜிடிஏ வரிசையில் வைஸ் சிட்டி பிளேஸ்டேஷன் 2-க்கு 2002 அக்டோபரில் வந்தது, கணினிக்கு 2003 மே. சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபர், கணினிக்கு 2005 ஜூன். ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பர் 17. கணினியில் நாம் தொட்டது 2015 ஏப்ரல் 14. ரெட் டெட் 2 கன்சோலுக்கு வந்து ஓராண்டு கழித்து 2019 நவம்பரில் கணினிக்கு வந்தது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் 2027 கடைசிக்கு முன்னால் கணினியில் எதிர்பார்ப்பது பேராசை. இது என் ஊகம்தான், ஆனால் இன்று வாங்கும் கார்டு அன்று கிழமாகியிருக்கும் என்பதில் ஊகம் ஏதும் இல்லை. தேவையான வன்பொருள் பட்டியலை அவர்கள் வெளியிடட்டும், பிறகு பணத்தை எடுங்கள்.

பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு சிடியில் வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை நான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு. விளையாட்டைச் சேமிக்க மொத்தம் எட்டே இடம். தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் அந்த எட்டுதான். நேற்று படகுப் பந்தயம் வரை கஷ்டப்பட்டு வந்து சேமித்ததன் மேல் எவனோ முதல் வேலையைச் சேமித்துவிட்டுப் போயிருப்பான். அதற்காக நடந்த அடிதடிகளைப் பார்த்தால் இந்தத் தள்ளிவைப்பு ஒரு பொருட்டே இல்லை.

வியாசர்பாடி விக்கி:

உங்களுக்குப் பொருட்டு இல்லை அண்ணா. ஜிடிஏ 5 வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது துறைமுகத்தில் வேலைக்குப் போகிறேன், இன்னும் 6 வரவில்லை. 2022-இல் வீடியோக்கள் கசிந்தன, 2023 டிசம்பரில் முன்னோட்டம், 2025 என்றார்கள், மே என்றார்கள், இப்போது நவம்பர் என்கிறார்கள். அடுத்த நவம்பருக்கு விடுப்புக்கூட எழுதிக்கொடுக்கப் பயமாக இருக்கிறது.

கல்மண்டபம் கபாலி:

விடுப்பு எழுதிக்கொடுக்காதே தம்பி. அரைகுறையாக வந்து, வாரத்துக்கு ஒரு முறை நாற்பது ஜிபி திருத்தம் இறக்குவதைவிட ஆறு மாதம் தள்ளி வருவது மேல்.

எண்ணூர் அக்கா:

கபாலி அண்ணன் கார்டு பற்றிச் சொன்னது சரி. ஆனால் கன்சோல் வாங்குவதாக இருந்தால் விலை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய காலத்தில் ஆண்டுகள் ஓடினால் விலை இறங்கும். பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க் மாடல் 2021 பிப்ரவரியில் இங்கே 49,990 ரூபாய்க்கு வந்து, பிறகு 54,990 ஆனது. 2025-இல் பல நாடுகளில் மேலும் ஏறியது. தினா, வேறு விளையாட்டுகளும் ஆடுவீர்கள் என்றால் தையிலேயே வாங்குங்கள். ஜிடிஏ 6-க்காக மட்டும் என்றால் சீட்டுப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அடுத்த தீபாவளிக்குப் பாருங்கள்.

டிஸ்க் செருகும் மாடலாகவே வாங்கவும். ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். இறக்கித்தான் ஆட வேண்டும் என்றால் 150 ஜிபி என்பது 40 எம்பிபிஎஸ் இணைப்பில் தடையில்லாமல் ஓடினாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். எங்கள் பகுதியில் மின்சாரமும் இணையமும் எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தால் அதைக் கொண்டாட வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். என் கன்சோலின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது காற்றாடி இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் மாவாக அப்பியிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. அனல் மின் நிலையத்துத் தூசும் உப்புக் காற்றும் சேர்ந்த வேலை. ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், மாதம் ஒரு முறை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் தம்பிக்குப் பதினான்கு வயது இருக்குமா? இது பெரியவர்களுக்கான விளையாட்டு. வந்தாலும் அவனுக்கு இல்லை என்பதை இப்போதே சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொருக்குப்பேட்டை குமாஸ்தா:

முன்பணம் பற்றி யாரும் பேசவில்லையே. 2025 நவம்பர் நிலவரப்படி ராக்ஸ்டார் முன்பதிவையே திறக்கவில்லை, விலையும் அறிவிக்கவில்லை. அறிவிக்காத விலை எப்படி ஆயிரம் ரூபாய் ஏறும்? அந்தக் கேள்வியை அப்படியே கடைக்காரரிடம் கேளுங்கள். ரசீதில் தேதி, தொகை, எதற்காக என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பணம் கொடுத்த மற்ற பையன்களின் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள், சத்தம் வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. புகார் எண் கைக்கு வந்ததும் பேச்சு மாறும். இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை தினா:

எல்லோருக்கும் நன்றி. சாதன நிர்வாகியில் 'சிஸ்டம் அப்டேட்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. எடுத்ததும் நீக்க முடிந்தது. சர்வீஸ் அண்ணன் சொன்ன மாதிரி பெயரில்லாத இன்னொன்றும் இருந்தது, அதனால் போனை முழுவதும் அழித்துவிட்டோம். கோப்பின் அளவு 18 எம்பி. வங்கியில் யுபிஐயைத் திறந்துவிட்டார்கள், பின்னும் மாற்றியாயிற்று.

கடைக்கு அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் வந்தார்கள். ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மிச்சம் ஐந்நூறை அங்கேயே மணிக்கணக்கில் விளையாடிக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

கொருக்குப்பேட்டை குமாஸ்தா:

வேண்டாம், ரொக்கமாகவே வாங்குங்கள். வாங்கிய பிறகு ரசீதைக் கடைக்காரர் கண் முன்னால் கிழிக்காமல், 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி விக்கி:

தினா, அந்தக் கடை எந்தத் தெரு? நானும் 1,500 கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.