மறு: ‘வெப்பமண்டல இரவு’ – வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வானிலைச் செயலியைத் தமிழாக்கும் நண்பர், ‘tropical night’ என்பதற்கு ‘வெப்பமண்டல இரவு’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்பது என் கட்சி.

ஐரோப்பாவில் இரவு முழுக்க வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதற்கு இந்தப் பெயர். ஜப்பான்காரர்கள் 25-ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில். இங்கே 20 டிகிரி என்றால் மார்கழியிலேயே போர்வை தேடுவோம். அந்தக் கணக்குப்படி வருஷம் முழுக்க எங்களுக்கு வெப்பமண்டல இரவுதான். தினமும் ஒரே எச்சரிக்கையைக் காட்டுகிற செயலியை மூன்றாம் நாள் அழித்துவிடுவார்கள். அவர்கள் ஊரில் இருந்துகொண்டு நம் ஊர்க் காற்று அங்கே வந்துவிட்டது என்று அலறும் சொல் அது. நாம் எங்கே பார்த்து அலறுவது?

நம் வானிலைத் துறையின் ‘வெப்ப இரவு’ வரையறையும் எங்களுக்கு உதவாது. பகல் உச்சம் 40 டிகிரியோ அதற்கு மேலோ இருந்து, இரவின் தாழ்ந்த அளவு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். பரமக்குடி, மதுரைப் பக்கம் சரி. கடல் சூழ்ந்த தீவில் 40-ஐப் பார்ப்பதே அபூர்வம். அதனால் விடிய விடிய விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஏட்டில் எங்கள் இரவுக்குப் பெயரே கிடையாது.

பெயர் இல்லையே தவிர, சொல் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் நாட்டுப்படகுக்காரர். ஆவணி கடைசியில் ஒரு சாயங்காலம் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கச்சான் விழுந்துருச்சு தம்பி, இன்னைக்கு ராத்திரி புழுங்கும்.” வைகாசியிலிருந்து அடித்துக்கொண்டிருந்த மேல்காற்று ஓய்ந்து, வாடை இன்னும் எழும்பாத இடைவெளி அது. நண்பர் ‘பின்கோடை’ என்று எழுதியிருக்கும் பருவம் எங்கள் கரையில் இதுதான். பழைய கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசிக்கு அப்புறம்தான். ஆகவே பெயரில் கார், உடம்பில் கோடை.

அன்றிரவு என் கருவியில் வெப்பநிலை 29-க்குக் கீழே வரவில்லை. விடியற்காலை மொட்டை மாடியில் பாயைச் சுருட்டினால், கோரை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சமையலறையில் உப்புச் சாடியைத் திறந்தால் மேலாக ஒரு விரற்கடைக்குத் தண்ணீர். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆக ஈரப்பதமானி வாங்காத வீடுகளிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அண்ணன் சொன்னது ‘புழுக்கம்’ இல்லை, ‘புழுங்கும்’. வினைச்சொல். கலைச்சொல் தேடும்போது நாம் பெயர்ச்சொற்களையே துழாவுகிறோம், மக்கள் வாயில் சரக்கு வினையாகக் கிடக்கிறது. புழுங்கல் அரிசியும் இதே வேர்தான். நெல்லை வறுத்தால் புழுங்கல் ஆகாது. ஊறவைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் புழுங்குதல். வெறும் சூட்டுக்கு வெக்கை, அனல் என்று வேறு சொற்கள் தனியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ செய்து முடித்துவிட்டது.

சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகையாகச் சேர்த்தால் ‘புழுங்கிரவு’. இதுதான் என் பரிந்துரை.

‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ (wet-bulb temperature) பற்றியும் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்றே நினைக்கிறேன். வெப்பமானியின் குமிழில் மெல்லிய துணியைச் சுற்றி, அதன் திரியைத் தண்ணீரில் தொங்கவிட்டால், நீர் ஆவியாகி ஆவியாகிக் குமிழ் குளிரும். அதற்கு மேல் குளிர முடியாமல் நிற்கும் அளவுதான் அது. குமிழும் ஈரமும் உள்ளபடியே இருக்கின்றன, பெயரும் பொருந்துகிறது. புரியவில்லை என்பவர்களுக்கு மண்பானையைக் காட்டுங்கள். பானை கசிந்து, கசிவு ஆவியாகித்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. எவ்வளவு நல்ல பானையாக இருந்தாலும் அந்த ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே தண்ணீர் குளிராது. நாள்பூராவும் நிழலில் வைத்தும் பானைத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தால், நம் தோலும் அதே சிக்கலில்தான் இருக்கிறது. வேர்வை வழியும், ஆனால் ஆவியாகாது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். உள்நாட்டில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 24.5. கரையில் 32 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் சுமார் 27.5. வெப்பமானியில் ஆறு டிகிரி குறைவான ஊர், ஈரக்குமிழில் மூன்று டிகிரி கூடுதல். செய்தியில் வருவது முதல் ஊர் மட்டும்தான். ஈரக்குமிழ் அளவு 35-ஐத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று 2010-இல் ஓர் ஆய்வு கோட்பாட்டளவில் சொன்னது. 2022-இல் நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்களை வைத்துச் சோதித்தவர்கள், ஏறத்தாழ 31-லேயே உடம்பு திணறத் தொடங்குவதைக் கண்டார்கள்.

‘பனிப்புள்ளி’க்கு (dew point) மாற்றும் தேட வேண்டாம். புரட்டாசியில் எங்கள் ஊரில் “இன்றைக்குப் பனிப்புள்ளி 26” என்றால் சிரிப்பார்கள், உண்மைதான். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட சொல், இருக்கட்டும். ஆனால் செயலியின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்: அதுதான் இரவுக்குத் தரை. காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் ஈரம் நீராகப் படியும். படியும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் வெப்பநிலை அதற்குக் கீழே எளிதில் இறங்காது. பனிப்புள்ளி 26 என்றால் இரவும் 26-ஐ ஒட்டி நின்றுவிடும்.

கடைசியாக, ‘record temperature’ என்பதற்குப் போட்டிருக்கும் ‘சாதனை வெப்பநிலை’. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். யார் சாதித்தது? ‘பதிவு’ என்றாலும் குழப்பம், தினமும் குறித்துவைப்பதும் பதிவுதானே. ‘இதுவரை இல்லாத உச்சம்’ நீளம் என்றால் ‘புது உச்சம்’ போதும்.

உச்சம் என்றதும் ஒரு மன்னிப்பு. போன வாரம் ‘தங்கச்சிமடத்தில் 39.6’ என்று இங்கே எழுதியிருந்தேன். கருவியை மேற்குச் சுவரில், ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரத்துக்கு அடியில் மாட்டியிருந்திருக்கிறேன். “அந்தச் சுவத்துல அப்பளமே பொரிக்கலாம், அதுலயா மாட்டுனீங்க?” என்று வீட்டில் கேட்டபோதுதான் உறைத்தது. வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த, சட்டங்களுக்கிடையே காற்றுப் புகும் மரக்கூண்டுக்குள் வைப்பார்கள். ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். பாம்பன்காரனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். அந்த 39.6-ஐ அழித்துவிடுங்கள். உச்சம் எது என்பதைப் பாம்பன், தொண்டி நிலையங்களின் அளவை வைத்தே பேசுவோம். என் கருவி இப்போது வடக்குப் பக்கம், வேம்பு நிழலில் தொங்குகிறது.

அன்புடன்,
தங்கச்சிமடத்திலிருந்து

* * *

குழுவில் வந்த கேள்விகளுக்கு மறுநாள் எழுதியது:

> புழுங்கிரவு கடற்கரைக்குப் பொருந்தும். மதுரையில் ஈரமே இல்லாமல் சுவர் சுட்டுக்கொண்டிருக்கும் இரவுக்கு என்ன சொல்வீர்கள்? ‘ஆறா இரவு’ என்றால்?

ஐயா, அருமையான சொல். சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். இரவு மட்டும் ஆறவில்லை. வானிலைத் துறையின் 40 டிகிரி வரையறைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம். ஈரம் மிகுந்தது புழுங்கிரவு, வறண்டது ஆறா இரவு என்று இரண்டையும் பட்டியலில் ஏற்றலாம்.

ஒரே ஒரு சங்கடம். திருச்செந்தூர் நண்பர் தனிமடலில் “ஆறாம் இரவா, சூரசம்ஹாரமா?” என்று கேட்டுவிட்டார். ஆகவே ‘ஆறாத இரவு’ என்று முழுசாக எழுதுவோம். ஓர் எழுத்துக் கூடினால் திரை ஒன்றும் கிழிந்துவிடாது.

> புழுங்கிரவுக்கு எல்லை எத்தனை டிகிரி?

அது சொல்லாக்குகிறவர்களின் வேலை இல்லை என்று தப்பிக்கலாம். ஆனால் செயலிக்கு எண் வேண்டுமே. 20, 25 என்று பொது எண் வைத்தால் மறுபடியும் பழைய கதைதான். அந்தந்த நிலையத்தின் 30 ஆண்டு இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்ப்பதும், இரவு வெப்பநிலையோடு ஈரக்குமிழ் அளவையும் சேர்த்துப் பார்ப்பதும்தான் சரி. எண்ணை வானிலை படித்தவர்கள் சொல்லட்டும்.

நேற்று ராத்திரி கச்சான் மறுபடி கிளம்பியது. கருவி 27 காட்டியது, எல்லோரும் தூங்கினோம். சாடியில் உப்பு மட்டும் இன்னும் காயவில்லை.