கை படாத குதிரைக்குட்டியை மலைக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டா?

பூம்பாறைப் பூண்டு:
ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பிடித்த ஆண்குட்டி. இரண்டு வயது இருக்கும். தலைக்கயிறு மட்டும் போட்டிருந்தார்கள், அதையும் எப்படித்தான் போட்டார்களோ. காதுப் பக்கம் கை போனாலே முன்னங்கால் இரண்டும் மேலே. லாரியில் வத்தலக்குண்டு தாண்டி மலையேறிய கதையை விடுங்கள், எல்லோரும் பட்டதுதான். மறுநாள் மதியம் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை.

மேகம் இறங்கிவிட்டது. கீழே பிறந்த குட்டிக்கு அது புதுசு. மூக்கு விரிய, கழுத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகவே ஓடுகிறது. கழுத்தெல்லாம் வியர்வை நுரை. கேரட் நீட்டினேன் (மலையில் அதற்கா பஞ்சம்), அது என்னவென்றே தெரியாமல் மிரண்டது. கம்பியில் போய் விழப்போகிறது என்று நினைத்த நேரத்தில் கீழ்ப் பாதையில் மணிச்சத்தம். பக்கத்துத் தோட்டத்துப் பொதிக்குதிரை, பூண்டு மூட்டை இறக்கிவிட்டு வருகிற கிழட்டுப் பெட்டை. குட்டி சட்டென்று நின்றது. ஒரு கனைப்பு. மேகத்துக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு கனைப்பு. அப்புறம் தலை தாழ்ந்தது, வாயை மென்றது, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. வந்ததிலிருந்து தொடாத தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தது.

இத்தனைக்கும் அந்தப் பெட்டையின் முகத்தைக்கூட அது பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த மணி கேட்கிற நேரத்தில்தான் என்னைக் கிட்டே விடுகிறது.

கோத்தகிரி மங்கை:
எங்கள் குட்டி ஊட்டியில் பிறந்ததுதான். மேகம் பழக்கம், மனுஷக் கைதான் பழக்கமில்லை. தோளில் விரல் பட்டால் ஈ உட்கார்ந்த மாதிரி தோல் துடிக்கும். அது விலகுவதற்கு முன்பே கையை எடுத்துவிடுவேன். எடுத்துவிட்டு மறுபடி வைப்பேன். ஒரு சாயங்காலம் பெரிதாக மூச்சு விட்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு நின்றது. கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் தடவிவிட்டேன். சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனால், என்னைப் பார்த்ததே இல்லை என்பது போல எகிறித் துள்ளியது! அதே கை, அதே குட்டி. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஏரிக்கரை மட்டம்:
பூண்டுத் தம்பி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தைக் குட்டியைப் பழைய குதிரை பக்கத்திலேயே விடக்கூடாது. நான் வாங்கி வந்த மட்டக்குதிரைக்கு வந்த வாரமே தாடைக்கு அடியில் கட்டி வீங்கி, மூக்கில் சீழ். ஸ்ட்ராங்கில்ஸ் என்றார் டாக்டர், குதிரைக்குக் குதிரை ஒட்டுகிற தொண்டை நோய். அதோடு போனது என் அதிர்ஷ்டம். கிளாண்டர்ஸ் என்கிற இன்னொரு தொற்றுநோய் என்றால் மனிதனுக்கும் ஒட்டும், குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும்.

எனவே, வந்ததும் மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். வாளி, தொட்டி, கயிறு எல்லாம் தனி. பழைய குதிரையைக் கவனித்துவிட்டுத்தான் புதுசுக்குப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. டெட்டனஸ் ஊசி கட்டாயம், லாடத்து ஆணிக் காயமே போதும் அந்த நோய்க்கு. கீழே என்ன தின்றதோ அதையே கொஞ்சம் வாங்கி வந்து, பத்து நாளில் மெல்ல மெல்ல மலைத் தீனிக்கு மாற்றுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் கோளாறு வந்தால் உருண்டே செத்துப்போகும். கொள்ளு ஊறவைத்துக் கொஞ்சமாக. தலைக்கயிறோடு அவிழ்த்துவிடாதீர்கள், கம்பியில் மாட்டும். மேய்ச்சலில் பெரணிச் செடி இருந்தால் முதலில் பிடுங்குங்கள், அதைத் தொடர்ந்து தின்றால் நடை தள்ளாடும். பசித்த புதுக்குட்டிக்கு எது தின்பது, எது கூடாது என்று தெரியாது.

பூம்பாறைப் பூண்டு:
அண்ணே, அந்தப் பெட்டை எங்கள் வேலிக்குள் வரவே இல்லை. நடுவில் பாதை, அதற்கப்புறம் அவர்கள் வேலி. மூக்கோடு மூக்கு உரசாமல் சத்தம் மட்டும்தான். சத்தத்தில் ஒட்டுகிற நோய் ஏதாவது இருக்கிறதா? தனியாக வை என்று சொல்வது சுலபம். தனியாக வைத்தபோதுதான் அது கம்பியில் விழப் பார்த்தது.

ஏரிக்கரை மட்டம்:
சத்தத்தில் ஒட்டாது தம்பி. ஆனால் அங்கே ஒரு வாளி, இங்கே ஒரு வாளி என்று ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போனால் ஒட்டும். பூண்டு அறுவடை நேரத்தில் உங்கள் ஊரில் யார் எந்த வாளியைத் தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? சரி, குறைந்தது காய்ச்சலாவது தினமும் பாருங்கள்.

கோத்தகிரி மங்கை:
அண்ணா, வாளி இருக்கட்டும். நான் கேட்டது வலது பக்கம்.

ஏரிக்கரை மட்டம்:
அதுவா? எல்லாக் குட்டியும் அப்படித்தான் அம்மா. கட்டுவது, தடவுவது எல்லாம் நாம் இடது பக்கமிருந்தே செய்கிறோம். வலது பக்கத்துக்கும் முதலிலிருந்து எல்லாம் செய்தாக வேண்டும். தோளில் ஆரம்பியுங்கள்.